சுறா வாயைக் கட்டிய சீனாக் கொழுக்கட்டை

இப்போதுள்ள ஆட்களுக்குச் சாப்பிடத் தெரியவில்லை, கடிக்கத்தான் தெரிகிறது. தெருமுனைத் தள்ளுவண்டியில் சிவப்புச் சாயம் போட்ட எதையோ சீனாச் சாப்பாடு என்று கொடுக்கிறான். இவர்கள் நின்றுகொண்டே கடிக்கிறார்கள், கடித்த வாயாலேயே பேசுகிறார்கள், பேசி முடிப்பதற்குள் அடுத்ததைக் கடிக்கிறார்கள். சீனாச் சாப்பாடு என்றால் என்னவென்று தூத்துக்குடிக்குத் தெரியும். நாற்பத்தேழாம் வருடம் முத்துக்குளிப்பு நடந்தபோது, விடிந்ததிலிருந்து கடல்காற்று திரும்பி வள்ளங்கள் கரை சேரும்வரை, இந்தக் கடலில் எந்தச் சுறாவும் ஆளைக் கடிக்கவில்லை. அம்புரோஸ் பெண்டாட்டி பிரகாசி தன் வீட்டுக் குசினியில் சீனாக் கொழுக்கட்டை செய்து சுறாக்களின் வாயை மூடி வைத்திருந்தாள். இது ஊர் சொல்வது. நான் பார்த்ததை எழுதுகிறேன், நம்புவது வேறு சங்கதி.

ஜப்பான்காரன் சண்டை நம் கடலுக்கு வந்த வருடம் நாற்பத்திரண்டு. சித்திரையில் ஒரு காலை, புன்னைக்காயல் பக்கம் ஒரு சீனாக்காரன் இரும்புச் சட்டியில் உட்கார்ந்து, அகப்பையால் துடுப்புப் போட்டபடி கரை வந்து சேர்ந்தான். கப்பலில் நூறு பேருக்குச் சமைக்கிற சட்டி அது. கப்பல் மூழ்கிவிட்டது, சட்டி மூழ்கவில்லை. ஆள் பெயர் குவான், கப்பல் சமையல்காரன். அதிகாரிகள் அவனை எப்படிப் பதிவது என்று மூன்று நாள் பேசினார்கள். வந்தவனை எழுத வேண்டுமென்றால் வந்த கப்பலையும் எழுத வேண்டும், சட்டியைக் கப்பல் என்று எழுத வழியில்லை. கடைசியில் மாதா கோயில் சாமியார்தான், முத்துக்குளிக்கிற அம்புரோஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறது என்று சொல்லி அனுப்பி வைத்தார். குவான் அங்கே நாலு வருடம் இருந்தான்.

ரேஷன் மாவில் வண்டு இருந்த காலம். குவான் அதை வேட்டித் துணியில் மூன்று தரம் சலித்து, முட்டையும் உப்பும் போட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி ஒரு மணி நேரம் விட்டுவிடுவான். பிறகு சோடாப் பாட்டிலால் தேய்ப்பான். தேய்த்த தகட்டை ஜன்னலில் பிடித்தால் அந்தப் பக்கம் சுவரில் உட்கார்ந்திருக்கிற காக்கையை எண்ணலாம். இறாலையும் பன்றிக் கொழுப்பையும் கத்தியின் முதுகால் கொத்தி, இஞ்சியும் வெங்காயத் தாளும் சேர்த்து, தகட்டுக்கு ஒரு சிட்டிகை வைத்து, ஓரத்தில் முட்டை வெள்ளை தடவி மடித்து, இரண்டு முனையையும் இழுத்து ஒட்டுவான். எலும்பும் இறால் தலையும் சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாடும் போட்டுக் காய்ச்சிய சாறு தனியாக இருக்கும். கொழுக்கட்டையை வெறும் தண்ணீரில் இரண்டு கொதி விட்டு, மிதந்ததும் எடுத்துச் சாற்றில் போட வேண்டும். அவன் அதற்கு ஒரு பெயர் சொன்னான், இங்கே யார் வாயிலும் அது நிற்கவில்லை. சீனாக் கொழுக்கட்டை என்றோம்.

குவான் மூடினால் அது கொழுக்கட்டை மட்டும்தான். அவனிடம் கற்றுக்கொண்ட பிரகாசி மூடினால் அப்படி இல்லை. முதலில் மாட்டியது அவர்கள் வீட்டு நாய். அது விடாமல் குரைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், இந்தச் சனியன் வாயை மூடாதா என்று நினைத்துக்கொண்டே அவள் ஒன்றை ஒட்டினாள். நாயின் வாய் ஒட்டிக்கொண்டது. அம்புரோஸ் சாப்பிட உட்கார்ந்து அந்தக் கொழுக்கட்டையைக் கடித்த பிறகுதான் அது மறுபடி குரைத்தது. அடுத்தது பக்கத்து வீட்டுச் செண்பகம். கோழி வேலி தாண்டிய சண்டையில், பாதி வசவில் அவள் வாய் மூடிக்கொண்டு, பொழுது சாய்கிறவரை திறக்கவில்லை. மறுநாள் அவள் புருஷன் முப்பிடாதி குசினி வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

“தங்கச்சி, இன்னும் ஒரு நாலு செஞ்சு தந்தன்னா, வீட்டுல பத்திரமா வச்சுக்கிடுவேன்.”

பிரகாசி கொடுக்கவில்லை. குவான் அவளிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தான். மூடும்போது உள்ளே காற்றை விடாதே, விட்டால் கொதியில் வெடிக்கும். மூடும்போது யாரையும் நினைக்காதே. இரண்டாவதற்கு அவன் காரணம் சொல்லவில்லை. நாற்பத்தாறில் ஒரு கப்பல் அவனை ஏற்றிக்கொண்டு போனது. எல்லோரையும் போலச் சீட்டு வாங்கி, ஏணியில் ஏறித்தான் போனான், சட்டியை அவளுக்கு விட்டுவிட்டான். ஊர் நம்பாமல் போனது இந்த ஒன்றைத்தான்.

பத்தொன்பது வருடமாகச் சிப்பி விளையாத கடலில் மறுவருடம் முத்துப்பார் விளைந்தது. சர்க்கார் குளிப்புக்கு நாள் குறித்தது, கரையில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. ஆனால் குளிக்கிறவர்கள் கடலில் இறங்கவில்லை. முன்பெல்லாம் குளிப்பு நடக்கிற நாட்களில் கரையில் ஓர் ஆள் அறைக்குள் உட்கார்ந்து மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டுவார். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். இடையில் அவர் செத்துப்போனார், மந்திரம் வேறு யாருக்கும் தெரியாது. இருபத்தெட்டில் ஒரு நாள் கடல்கட்டிக்குக் காய்ச்சல். அன்று அம்புரோஸின் தகப்பன் முங்கினான், இழுத்தபோது கயிறு மட்டும் மேலே வந்தது. அதை யாரும் மறக்கவில்லை. பிரகாசி கல்யாணம் ஆகி வந்த அன்றே அந்தக் கயிற்றை வீட்டுச் சுவரில் பார்த்தவள்.

வள்ளக்காரர் செல்வதுரை அவள் வீட்டுக்கு வந்தார். அன்று நானும் மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன், எனக்கு வண்டி ஓட்டுகிற வேலை.

“ஏளா பிரகாசி, செண்பகம் வாயையே மூடுனவ நீ. சுறா என்ன பெரிசு?”

“இந்த மனுசன் எறங்கலன்னா நான் எதையும் மூட வேண்டாம்லா மாமா? அவர்ட்ட சொல்லுங்க.”

அம்புரோஸ் தலையைத் தூக்காமல், அடிக்கு இழுத்துப் போகிற முங்குகல்லுக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தான். “நீ மூடுனாலும் எறங்குவேன், மூடாட்டாலும் எறங்குவேன்” என்றான்.

அவள் மாவைச் சலிக்க உட்கார்ந்தாள்.

கரைக்காற்றில் வள்ளங்கள் புறப்படுவதற்கு முன்பே அவள் மூடி முடித்துவிட வேண்டும். முதல் கொழுக்கட்டையை அம்புரோஸுக்கு மிக அருகில் வரப்போகிற சுறாவை நினைத்து மூடுவாள், அதை ஓலைப்பாயின் கிழக்கு மூலையில் வைப்பாள். மற்றவை மற்றச் சுறாக்களுக்கு. கடலில் எத்தனை சுறா என்று யார் கண்டார்கள்? ஒட்டுகிற முனை ஒட்டாமல் விரலை விட்டு நழுவினால் சுறா தீர்ந்தது என்று அர்த்தமாம். மாவு காய்ந்துவிட்டது என்று அர்த்தம், அது என் எண்ணம். இரண்டு கொதியில் எடுத்து, நல்லெண்ணெய் தொட்டுப் பாயில் பரப்பி ஈரத்துணி போட்டுவிடுவாள். வள்ளங்கள் திரும்பிய பிறகுதான் சாறு ஊற்றி எல்லோரும் சாப்பிடுவது. அதுவரை கரையில் ஒருவரும் ஒன்றையும் கடிக்கக் கூடாது.

முதல் நாள் கொதியில் ஒன்று வெடித்தது. அன்று ஒரு சுறா பிரகாசியின் தம்பி சத்தியராஜின் துடுப்பைப் பாதியாகக் கடித்துவிட்டுப் போனது. அவன்தான் அம்புரோஸுக்குக் கயிறு பிடிக்கிறவன். இங்கே மச்சினன்தான் கயிறு பிடிப்பான், அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறது என்பதால் தூங்க மாட்டான். துடுப்பைப் பார்த்த பிரகாசிக்குக் குவான் சொன்ன காற்று நினைவுக்கு வந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றையும் மூச்சு இல்லாமல் அமுக்கி அமுக்கி மூடினாள். பத்து நாள் ஒன்றும் வெடிக்கவில்லை, ஒருவனுக்கும் கீறல் இல்லை.

பதினோராம் நாள் மத்தியானத்துக்கு முன்னால் நான் விறகு இறக்கப் போனேன். பிரகாசி கிணற்றடியில் இருந்தாள். பாயின் கிழக்கு மூலை வாசல் பக்கம் இருந்தது, துணி விலகி ஒன்று மட்டும் தெரிந்தது. பத்து நாளாக எனக்கு ஒன்றும் தரவில்லை. வள்ளங்கள் திரும்புகிற நேரத்தில் நான் சிப்பி ஏற்றப் போய்விடுவேன், வருவதற்குள் சட்டி காலி.

“அண்ணாச்சி, தொடாதீங்க. கடல்ல வள்ளம் நிக்கி” என்றாள் வேலிக்கு மேலாகச் செண்பகம்.

“மாவு சொமந்தது நான், வெறகு சொமந்தது நான். ருசி பாக்க மட்டும் சுறாகிட்ட கேக்கணுமாக்கும்?”

கடித்தேன். உப்புக் குறைவு. அதைச் சொல்வதற்குள் பிரகாசி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், பாயைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். பாதிதான் பல் இறங்கியிருந்தது.

“அப்படியே இரிங்க! பல்ல எறக்காதீங்க! எடுக்கவும் செய்யாதீங்க!”

சொல்லிக்கொண்டே, மாவு தேய்க்கிற சோடாப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை, ஆனால் அந்தக் காலத்துச் சோடாப் பாட்டில் கனமானது. என்னை விறகுக் கட்டின்மேல் உட்கார வைத்து, எதிரில் மண்டி போட்டு, ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் ஜெபமாலையுமாக என் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டு ஆளு அடியில நிக்காரு அண்ணாச்சி” என்று ஒரு தரம் சொன்னாள், அப்புறம் ஜெபம்தான். இறால் சாறு தாடையில் வழிந்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது, ஓட்டினால் தாடை அசையும். அன்று செண்பகத்தின் வாயை யாரும் மூடவில்லை, அவளாகவே மூடிக்கொண்டாள்.

கடல்காற்று திரும்பி வெகுநேரம் கழித்துக் கடற்கரையில் கூச்சல் கேட்டது. எட்டுப் பேர் ஒரு வள்ளத்துப் பாயை விரித்துத் தூக்கி வந்தார்கள். பாயில் அம்புரோஸ் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது கால் முழங்கால்வரை ஒரு சுறாவின் வாய்க்குள் இருந்தது. சத்தியராஜ் பின்னாலேயே வந்து சுறாவின் செவுளில் கடல்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“ஏளா, கடிக்கவும் மாட்டங்கான், விடவும் மாட்டங்கான்” என்றான் அம்புரோஸ்.

அடியில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அது வந்து காலைக் கவ்வியது, கவ்வியபடியே நின்றுவிட்டது, இரண்டு பேரையும் சேர்த்துத்தான் இழுத்தேன் என்றான் சத்தியராஜ். நெம்பினால் கால் போய்விடும் என்று பயந்து அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். பிரகாசி சுறாவின் வாயைப் பார்த்தாள், திரும்பி என் வாயைப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு திறந்திருந்ததாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். என் வாயை நான் பார்க்கவில்லை.

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, என் தாடையை இரண்டு கையாலும் பிடித்தாள். “இப்ப மெதுவா, அண்ணாச்சி. மேலதான். எறக்கிராதீங்க.”

அவ்வளவு நேரத்தில் எனக்குத் தாடை மரத்துப்போயிருந்தது. மேலே போகிறதா கீழே போகிறதா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நூல் அளவு இறங்கியிருக்கும், அம்புரோஸ் “அம்மா” என்றான், முழங்காலுக்குக் கீழே ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். சுறா வாயைத் திறந்தது. சத்தியராஜ் காலை உருவினான்.

அந்தக் கொழுக்கட்டையை அவள் என் வாயிலிருந்து எடுத்து, முட்டை வெள்ளை தடவி, கடித்த இடத்தை அமுக்கி ஒட்டிப் பாயில் வைத்தாள். சுறா வாயை மூடிக்கொண்டது. வெட்டிவிடலாம் என்றார்கள் சிலர். “கடிக்காதத எதுக்கு வெட்டணும்?” என்றாள். என் வண்டியில்தான் அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோனோம். போகிற வழியெல்லாம் என்னையே பார்த்தது.

கிழட்டுச் சுறா, பல் ஈறு வீங்கியிருக்கும், கடிக்கத் தெம்பில்லாமல் கவ்விக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்த நேரத்தில் அதற்கும் தாடை வலித்திருக்கும். இதை அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அம்புரோஸ் அதன் பிறகு பல வருடம் முங்கினான். காலில் பல் பதிந்த தடம் இருந்தது, நான் கொட்டாவி விட்டால் அது அரிக்கிறதாம். பார்க்கிறபோதெல்லாம், “அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டாவி விட்டீங்களா?” என்று கேட்பான். விட்டிருப்பேன். எல்லோரும்தான் சாயங்காலம் கொட்டாவி விடுகிறார்கள்.

அந்த வருடத்துக் குளிப்பு முடிந்த நாள், வள்ளங்களையெல்லாம் கரையில் ஏற்றிவிட்டார்கள், குடிசைகளைப் பிரித்துவிட்டார்கள். பிரகாசி குவான் ஊற்றுகிற மாதிரியே எனக்கு ஒரு கோப்பையில் சாறு ஊற்றி, மேலே ஒரு கொழுக்கட்டையை மிதக்கவிட்டுக் கொடுத்தாள். உப்புச் சரியாக இருந்தது.

“கடல்ல ஒரு வள்ளமும் இல்ல. தாராளமாக் கடிங்க, அண்ணாச்சி.”

“கடிச்சா என்ன? எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது” என்றேன். சாற்றைக் குடித்து, கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். பாரம் இருந்ததால் மாட்டோடு நடந்தே போனேன். கடற்கரையில் அம்புரோஸ் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறு கழுவிக்கொண்டிருந்தான். கையைத் தூக்கி என்னவோ கேட்டான், நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவனைத் தாண்டி, உப்பளத்தையும் தாண்டி, கடல் கண்ணில் படாத இடம் வந்த பிறகுதான் கடித்தேன். பயந்து அல்ல. கொழுக்கட்டை சூடாக இருந்தது.