மணிக்காரரை எழுப்புகிறவர்

ஊரையே எழுப்புகிற மணிக்காரரை எழுப்ப நான் ஒருத்தி வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். வாரம் முழுக்கத் தச்சுப் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி. தலைமாட்டில் இடி விழுந்தாலும் புரண்டு படுப்பார். போர்வையை உருவி, தண்ணீர் தெளித்து, நாலு திட்டு திட்டினால்தான் கண் திறக்கும். ஆனால் மணி ஒரு நாளும் தப்பியதில்லை. நல்ல பெயரெல்லாம் அவருக்குத்தான்.

அவர் மாரடைப்பில் போனபோது சாவு மணியை நானே அடித்தேன். யார் யாரோ கயிற்றுக்குக் கை நீட்டினார்கள், கொடுக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த முறைதான். சாவுக்கு ஒரு அடி. சத்தம் முழுக்க அடங்கிய பிறகே அடுத்த அடி. பண்டிகைக்கு மூச்சு விடாமல் இழுக்க வேண்டும்.

ஈஸ்டர் நெருங்கியது. நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இந்த வருஷம் வேற யாராவது அடிக்கட்டும். துக்கம் நடந்த வீடு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும். இயேசு உயிர்த்தெழுந்தார்னு சொல்றதுக்குத்தான் அந்த மணி. இந்த வருஷம் நான் சொல்லலைன்னா வேற எந்த வருஷம் சொல்றது?"

வாய் பெரிதாகப் பேசிவிட்டது. உள்ளே பயம். மனதார அடிக்க வராவிட்டால், நான் இத்தனை காலம் நம்பியதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சுதானா?

ஈஸ்டர் விடியற்காலையில் மணிக்கூண்டடியில் நின்று ஜெபித்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். மணி ஒலித்தது. சத்தம் அடங்கும்வரை நின்றேன். மறுபடி இழுத்தேன். மறுபடி நின்றேன். கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. எதிர் வீட்டில் விளக்கு எரிந்த பிறகுதான் உறைத்தது. ஈஸ்டர் காலையில் சாவு மணி!

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வாயில் நுரையும் கையில் பிரஷுமாக ஓடி வந்தார்.

"அடக் கடவுளே, யாரு போயிட்டாங்க?"

அவர் பின்னாலேயே நாத்தனார் மூச்சிரைக்க வந்து நின்றாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"யாரும் போகலைங்க. செத்தவர் எழுந்துட்டார்!"

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. என் வீட்டுக்காரரைப் புதைத்த நாளிலிருந்து என் மனசு அந்தக் குழிமேட்டைவிட்டு நகரவே இல்லை. இயேசுவின் கல்லறை காலி என்றால், இவருடையதும் ஒரு நாள் காலியாகத்தான் போகிறது. இதை எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் நெஞ்சில் இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். மருந்துக்கடைக்காரர் நுரையை விழுங்கிவிட்டு "ஆமென்" என்றார்.

பிறகு இழுத்தேன் பாருங்கள், மூச்சு விடாமல்! கயிறு மேலே போகும்போதெல்லாம் என் குதிகாலும் தரையைவிட்டு எழும்பியது. தெருவில் ஜன்னல்கள் திறந்தன. நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, அவளும் கயிற்றைப் பிடித்தாள்.

"அண்ணி, எங்கண்ணன் இதுக்கெல்லாம் எழுந்திரிக்கிற ஆளா?" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

"நான் எழுப்பினாதான் முரண்டு பிடிப்பார். கடைசி நாள்ல எழுப்பப் போறது இயேசு. ஒரே குரல்ல எழுந்துடுவார், பாரு" என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன்.