அம்ப்ருஷின் நாக்கு

பிரோஷ்கா கேக்கில் சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டாள். மாவு கலக்கும்போது புடாபெஸ்ட்டிலிருந்து மகள் போன் பண்ணினாள். பேச்சு சுவாரஸ்யத்தில் போட்டதை மறந்து மறுபடியும் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வாத்து ஈரலும் நீலப் பூசணம் ஓடிய சீஸும் காலியான பிறகு, ஆப்ரிகாட் கேக்கை ஒரு வாய் கடித்து ஒயினைக் குடித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. தேனாக இனிக்கவேண்டிய ஒயின், தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்ததுபோல் ஆகியிருந்தது.

தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். தின்பண்டம் ஒயினைவிட ஒரு பொட்டு இனிப்பாக இருந்தாலும் அவள் புருஷன் அம்ப்ருஷ் சாமியாடிவிடுவார். பனி இறங்கும்வரை கொடியிலேயே விட்டு, பூசணம் பூத்துச் சுருங்கிய திராட்சையை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிச் செய்த ஒயினை, ஒரு கரண்டி சர்க்கரை கெடுப்பதா? சம்பந்தி வீட்டு விருந்தில் எல்லாரும் பார்த்திருக்கத் தட்டைத் தள்ளிவைத்து மானத்தை வாங்கிய மனுஷர் அவர். ஒயினுக்குப் பேர்போன மாட் ஊரில் யார் பீப்பாயைத் திறந்தாலும் முதல் வாய் அவருக்குத்தான்.

அம்ப்ருஷ் கேக்கைச் சாப்பிட்டார். ஒயினைக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம். இன்னொரு துண்டு வை."

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"பின்ன? முப்பத்தாறு வருஷத்துல இப்பத்தான் கேக் பண்ணக் கத்துக்கிட்டே."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. செப்டம்பரில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து, சூப்பில் உப்பு கூட என்றோ குறைவு என்றோ அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வயசானதில் அடங்கிவிட்டார் என்று சந்தோஷமல்லவா பட்டாள் பைத்தியக்காரி! கேட்டுவிடலாமா? அந்த ருசியை எடுத்துவிட்டால் மனுஷரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தோட்டத்து லோரின்ட்ஸ் கையில் ஒரு சின்னப் பாட்டிலோடு வந்து நின்றான். மூன்று வருஷமாக அவன் பீப்பாயில் வைத்திருந்த ஒயின் அதில் இருந்தது.

"நாளைக்கு பாட்டில்ல அடைக்கிறேன் மாமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

அம்ப்ருஷ் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுழற்றினார், மோந்தார், வாயில் வைத்து நிதானமாக உருட்டினார். வழக்கமாகச் செய்வதில் ஒன்றும் குறையவில்லை.

"தேன்டா. அடைச்சிரு."

பிரோஷ்கா கிளாஸை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனதுமே சுருக்கென்றது.

"அடைக்காதே லோரின்ட்ஸ். வினிகர் வாடை வருது. இப்பவே கவனிச்சா காப்பாத்திரலாம்."

"மாமாவே சொல்லியாச்சு, நீங்க போய் அடுப்பைப் பாருங்க அத்தை!" என்று சிரித்தான் லோரின்ட்ஸ். அவனுக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குப் பதறியது. சொல்லாமல் எப்படி இருப்பது? ஒருத்தனுடைய மூன்று வருஷ உழைப்பு. அம்ப்ருஷ் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொல்றதக் கேளு," என்றார் கடைசியில். "ரெண்டு மாசமா எனக்கு ஒண்ணுமே தெரியல. எல்லாம் வெந்நீர் மாதிரிதான் இருக்கு."

லோரின்ட்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி, "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் மாமா," என்றான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நெஜமாயிடுமேன்னு இருந்துட்டேன்."

தன் கிளாஸில் மிச்சமிருந்த ஒயினை அவள் பக்கம் தள்ளினார். "நம்மது எப்படி வந்திருக்கு? நீ சொல்லு."

அவள் குடித்தாள். இத்தனை வருஷமும் வார்த்தையெல்லாம் அவருடையது. தலையாட்டியது மட்டும்தான் அவள்.

"நல்லாருக்கு."

"எப்படி நல்லாருக்கு?"

இன்னொரு வாய் குடித்தாள். "இனிப்பா..." என்று ஆரம்பித்தாள். மேலே ஒன்றும் வரவில்லை. அவர் கண்களை மூடி, வாயை லேசாகத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார்.