டைமர் வைத்த விளக்கு

வண்ணமீன் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க குடுத்த லைட்டு லட்சணம் இதுதானா? தொட்டி முழுக்கப் பாசி. செடியெல்லாம் வழவழன்னு கிடக்கு."

"லைட்டு மேல பழி போடாதீங்க சார். தினம் எவ்வளவு நேரம் எரிய விடுறீங்க?"

"காலையில ஆபீஸ் கிளம்பும்போது போடுவேன். படுக்கும்போது அணைப்பேன்."

"செடிக்கு ஏழு மணி நேரமே தாராளம் சார். மிச்ச வெளிச்சத்தைத் தின்னுதான் பாசி கொழுக்குது. பகல்ல அதைப் பாக்க வீட்ல யாரு இருக்கா?"

யாரும் இல்லை. திரும்பி வரும்போது வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்றுதான் போட்டுவிட்டுப் போகிறேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"அணைக்க மறந்துடுறேன்" என்று மழுப்பினேன்.

அவர் வெளிச்சம் குறைந்த விளக்கு ஒன்றை எடுத்து வைத்தார். கூடவே ஒரு டைமர்.

"சாயங்காலம் தானா எரியும், நீங்க படுக்கறப்போ தானா அணையும். நீங்க கையே வைக்க வேண்டாம்."

மறுநாள் வீட்டை இருட்டாகவே பூட்டிவிட்டுக் கிளம்பினேன். வேலையே ஓடவில்லை. திரும்பி வரும்போது தெருமுனையில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் என் ஜன்னலில் வெளிச்சம். நான் போடாத விளக்கு, எனக்காக எரிந்துகொண்டிருந்தது. படிகளில் வேகமாக ஏறினேன்.

சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் நான் காலிங் பெல்லை அழுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.