மாவில் விட்ட விரல்

"உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

பத்தாம் வகுப்பில் மேகலா டீச்சர் என்னைக் கேட்டது இது. விடை தெரிந்தும் எழுந்து நின்று விழித்துக்கொண்டிருந்தேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் வயிற்றுவலி என்று நின்றவள், பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. இரண்டு வருடம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே டீச்சர் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், தனித்தேர்வுப் படிவத்தோடு. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் கடைசித் தேதி. அப்பாவுக்கு மறுப்பில்லை. ஆனால் பஞ்சநதம் மாமாவைக் கேட்காமல் அவர் எதையும் செய்ய மாட்டார். மாமா அம்மாவுக்கு அண்ணன். சனிக்கிழமை சாயங்காலம் திருவாரூரிலிருந்து வந்தால், ஞாயிறு காலைப் பலகாரத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அவருக்காகவே ஞாயிறுதோறும் வெல்ல தோசையும் கார அடையும். இரண்டு குண்டானில் கரைத்து வைத்திருந்தேன். அடை மாவில் வெங்காயம், முருங்கைக்கீரை. பச்சரிசி மாவில் வெல்லப்பாகு, ஏலக்காய், தேங்காய்ப்பூ. ருசி பார்த்தே ஆகவேண்டும் என்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, கை கழுவிய பிறகுதான் கரண்டியைத் தொட வேண்டும். எச்சில் பட்டதென்றால் அம்மா பாத்திரத்தோடு கவிழ்த்துவிடுவாள்.

மாமா அடுப்படிக்கு வந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விரலை இனிப்பு மாவில் விட்டு, வாயில் வைத்து உறிஞ்சினார்.

"இனிப்பு பத்தலையே" என்று அதே விரலை மறுபடியும் விட்டார். எச்சில் உதட்டிலிருந்து நூலாக நீண்டு, அறுந்து, மாவில் விழுந்தது.

கொல்லைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"வாய மூடு. உங்க மாமா காதுல விழுந்துச்சுன்னா உங்கப்பா கையெழுத்துப் போட்ட மாதிரிதான். கல்லுல வெந்தா ஒண்ணும் தெரியாது."

"டீச்சருக்கு?"

"அவங்களுக்கு அடைய மட்டும் வை."

சுட்டேன். ஓரத்தில் நெய் நுரைத்தபோதெல்லாம் அந்த நூல்தான் தெரிந்தது.

டீச்சர் வந்து உட்கார்ந்தார். அவர் தட்டில் இரண்டு அடை வைத்தேன்.

"என்ன மதி, வாத்தியாரம்மாவுக்கு இனிப்பு இல்லயா? பழைய கோவமா?" என்று மாமாவே இரண்டு வெல்ல தோசையை எடுத்து அவர் தட்டில் போட்டார். டீச்சர் பிட்டு வாயில் வைத்துக்கொண்டார்.

"மெத்துன்னு இருக்கு" என்றார். அப்பா தன் இரண்டாவது வெல்ல தோசையைத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நாலு பேரு முன்னாடி பேசத் தெரியாத புள்ளைங்க இது. பரீட்சை எழுதி என்ன பண்ணப்போவுது? தோசை நல்லா சுடுது, அது போதும்" என்றார் மாமா, விரலை நக்கியபடி.

அப்பா படிவத்தின் மேல் திறந்து வைத்திருந்த பேனாவை மூடி வைத்தார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா மதிவதனி. உனக்குப் படிக்கணுமா, வேணாமா?"

படிக்கணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அந்தத் தோசைய சாப்பிடாதீங்க டீச்சர். மாமா விரல நக்கி நக்கி மாவுல விட்டாங்க."

யாரும் மெல்லவில்லை.

"பொய்யி. வாய் பேசாததுங்க இப்புடித்தான், பேசுனா பொய்யாத்தான் வரும்" என்று மாமா சிரித்தார். சிரித்த பல்லில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா வாயில் இருந்ததைத் தட்டிலேயே துப்பினார்.

"என் வீட்டு விஷயத்துல இனிமே நீங்க சொல்ல வேணாம் மச்சான்."

கை கழுவாமலே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். வீரையன் என்ற பெயரின் மேல் வெல்லமும் நெய்யும் ஈஷிக்கொண்டன. நான் படிக்க வேண்டும் என்று அவர் போடவில்லை. மாமாவின் எச்சிலைத் தின்ற கோபத்தில் போட்டார்.

கொல்லையில் டீச்சர் வாய் கொப்பளிக்கும் சத்தம் நாலைந்து முறை கேட்டது. திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படிவத்தின் கறைபடாத மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். வரேன் என்றுகூடச் சொல்லாமல், உதட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வாய்க்கால் ஓரமாக நடந்து போனார்.