கல்குடா ஓட்டம்

கட்டியழுவதற்காகச் சின்னத்தங்கம் நீட்டிய இரண்டு கைகளையும் அன்னப்பூரணி தட்டிவிட்டாள். தட்டிய சத்தம் பந்தலுக்கு வெளியே மர வாங்கில் இருந்த ஆண்களுக்கும் கேட்டது. பிரேதத்தைச் சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விட்டு நிமிர்ந்தார்கள். களுதாவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள், காலில் அப்பியிருந்த தெருப்புழுதியோடு நேரே தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. முகத்துத் துணியை விலக்கி நெற்றியைத் தடவினாள். காது மடிப்புக்குள் ஒட்டியிருந்த கடல் மணலைச் சேலைத் தலைப்பால் துடைத்தெடுத்தாள்.

"மண்ணோட கொண்டுவந்து கிடத்திரிக்காள்" என்றாள், எவரையும் பார்க்காமல்.

தங்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இது அவளுடைய வீடு. புளியந்தீவில் வாவிக்கரையோடு ஒட்டினாற்போல அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. பதினொரு வருசமாக அன்னப்பூரணி இந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் நான்கு தரம்தான். வந்த நான்கு தரமும் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

தங்கத்தின் புருசன் நல்லரத்தினம் செத்து ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். கல்குடாக் கடற்கரையில் ஓட்டப்போட்டி முடிகிற கயிற்றுக்குச் சற்றுத் தள்ளி, கமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, அதன் சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தபடி முழங்காலில் நின்றான். குனிந்த தலை நிமிரவில்லை. படம் பார்க்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு மெல்லப் பக்கவாட்டில் சரிந்தான். ஓட்டம் பார்க்க வந்திருந்த ஏறாவூர் அசனார் தன்னுடைய லொறியில் ஏற்றி, தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்தி, இருபது மைலும் மெதுவாக ஓட்டிவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். வழி நெடுகிலும் தங்கம் பின்னால் பிரேதத்தோடு இருந்தாள். வந்து சேர்ந்த பிறகும் அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. இதையும் ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்னப்பூரணியின் கோபத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தாய் செத்தபோது தம்பிக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. அவனைக் குளிக்க வார்த்து, கஞ்சி ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காணிக் கந்தோரில் கிளாக்கர் ஆகும் மட்டும் வளர்த்துவிட்டவள். அந்தத் தம்பி கலியாணம் முடித்து நாலு வருசத்தில் எங்கிருந்தோ ஒரு கமராவை வாங்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பகல் கந்தோர் பூட்டியதும் ஊர் ஊராக அலையத் தொடங்கினான். அதுவும் எதற்கு? ஓடுகிறவர்களைப் படம் பிடிப்பதற்கு. வாத்திமார், கடைச் சிப்பந்திகள், மீன்காரர், கந்தோர்ப் பியோன்மார் என்று வாலிபர் சங்கங்களில் சேர்ந்து ஆசைக்காக ஓடுகிறவர்கள். தன்னாமுனையில் ஓட்டம் என்றால் தன்னாமுனை, வாழைச்சேனையில் என்றால் வாழைச்சேனை. திங்கட்கிழமை விடியத்தான் திரும்பி வருவான்.

முதல் இரண்டு வருசம் தங்கமும் அதை வெறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கமராவை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிக்கூட வைத்தாள். அவன் சத்தம் போடவில்லை. வீடு முழுக்கத் தேடிக் களைத்துப்போய், நாளைக்கு நீயும் வாவன் என்று மட்டும் சொன்னான். அந்தச் சனிக்கிழமைதான் அவள் முதன்முதலாக றெயில் ஏறினாள். கடற்கரைத் தங்குமிடமான வாடிவீட்டில் வேறு யாரோ சமைத்த முட்டைப் பொரியலை, வேறு யாரோ வைத்துவிட்டுப் போக, காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் கருக்கலில், பார்க்க ஒருவருமில்லாத கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வந்தால் பையில் உடுப்பை அடுக்குகிறவள் அவள்தான். குறுக்கே ஓடுகிறவனை எடுத்தால் கால் புகையாகிப்போகும், நேரே ஓடிவருகிறவனைத்தான் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கும் பாடமாகியிருந்தது. பிள்ளையில்லாதவள் வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு புருசனோடு ஊர் சுற்றுகிறாள் என்று களுதாவளையில் பேசினார்கள். அந்தப் பேச்சு வந்து சேரும்போதெல்லாம் அவள் அடுத்த சனிக்கிழமையை நினைத்துக்கொள்வாள்.

பத்து மணியளவில் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா வந்தார். பிரேதத்தைப் பார்த்துவிட்டு, வெளியே அன்னப்பூரணியின் புருசன் கதிர்காமத்தம்பிக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்து, தான் மூன்று மாதத்துக்கு முன்பே நெஞ்சைச் சோதித்துப் பார்த்து, ஓடவோ பாரம் தூக்கவோ வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதாகவும் கேட்டால்தானே என்றும் சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் உள்ளே ஒப்பாரி ஓய்ந்திருந்த நேரம் அது.

அன்னப்பூரணி தலைமாட்டிலிருந்து எழும்பவில்லை. அப்படியே இருந்துகொண்டு கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

தங்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுக்கு நெஞ்சில வருத்தம் எண்டு உனக்கு முன்னமே தெரியுமா?"

"ஓம் மச்சாள்."

"தெரிஞ்சுகொண்டுதான் கூட்டிக்கொண்டு போன?"

"ரெண்டு பேரும்தான் போனம்."

 தங்கம் மழுப்பியிருக்கலாம், தெரியாது என்று சொல்லி அழுதிருந்தால் அங்கேயிருந்த அத்தனை பேரும் அவள் பக்கம் சாய்ந்திருப்பார்கள். அக்காவுக்குச் சொல்லாதே, சொன்னால் சாகுமட்டும் வீட்டுக்குள் பூட்டிவைத்துவிடுவாள் என்று அவன் கெஞ்சிக் கேட்டதையாவது சொல்லியிருக்கலாம். அதை இவளுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று தங்கத்துக்குத் தோன்றியது. சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. ஞாயிறு விடிய வாடிவீட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவன் உதடு நீலம் பாரித்திருந்ததை அவள் கண்டாள். முடிவை மட்டும்தான் எடுக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தவன், வெளிச்சம் நல்லாயிருக்கு, ஸ்டேசனுக்குப் போய்த் தொடக்கத்தையும் எடுத்துக்கொண்டு வாறன் என்றான். ஓட்டம் ஸ்டேசனிலிருந்து றோட்டு வழியாக வளைந்து கடற்கரைக்கு வரும். ஓடுகிறவர்களை முந்திக்கொள்ள வேண்டுமென்றால் அவன் பனங்காட்டுக்கூடாகக் குறுக்கே ஓடிவர வேண்டும். அவளுக்கு அது தெரியும். கமராப் பை அவள் கையில்தான் இருந்தது. மெல்லமா வாங்க என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாள். ஏனென்றால் அந்தக் காலையில் அவள் சந்தோசமாக இருந்தாள். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்னப்பூரணி எழுந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். அறைக்குள் போனவள் அலுமாரியை, கட்டிலடியை என்று கிண்டுகிற சத்தம் கேட்டது. கமராவோடு வெளியே வந்தாள். தோற்பையிலிருந்து மணல் உதிர்ந்தது. முற்றத்து அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கமராவின் முதுகை எப்படித் திறப்பதென்று தெரியாமல் இழுத்தாள், கிள்ளினாள். கடைசியில் கல்லில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடிக்கு மூடி திறந்துகொண்டது.

கந்தோரில் நல்லரத்தினத்தோடு வேலைசெய்த ஒருவர் வாங்கிலிருந்து எழுந்து ஓடிவந்து, வெளிச்சம் பட்டால் படமெல்லாம் அழிந்துபோகும், மூடிவிடுங்கள் என்றார். அவள் அவரைப் பொருட்படுத்தவில்லை. பிலிம் சுருளின் நுனி விரலில் அகப்பட்டது. இழுத்தாள்.

தங்கம் கூடத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். அன்னப்பூரணியின் கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெயில் நல்ல உறைப்பாக அடித்துக்கொண்டிருந்தது. சுருள் ஒரு சாண் வந்தது, பிறகு ஒரு முழம். தங்கம் வாய் திறக்கவில்லை. முழுவதும் வெளியே வந்து மணலில் விழட்டும் என்று காத்திருந்தாள். விழுந்தது.

"அதில அவர்ர முகம் இரிந்திச்சு மச்சாள்" என்றாள். "நேத்து விடிய வாடிவீட்டுப் படியில வெச்சு நான் எடுத்தன். இத்தின வருசத்தில அவரை ஒருத்தரும் எடுத்ததில்ல. அந்த ஒண்டுதான்."

அன்னப்பூரணி கையிலிருந்த வெறும் கமராவைப் பார்த்தாள். பிறகு மணலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தாள். அதை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். அவள் முகத்தில் என்ன நடந்ததென்று தங்கம் கடைசி மட்டும் பார்த்தாள். பார்த்து முடிந்ததும் உள்ளே போய்ப் பிரேதத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் ஏதாவது ஆறும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசவில்லை. கதிர்காமத்தம்பி எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தார். ஆண்கள் பிரேதத்தைக் குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, கொண்டுவந்து கிடத்தினார்கள். பிள்ளையில்லாத மனிதனுக்குக் கடமை செய்ய அன்னப்பூரணியின் மூத்த மகன் ஈரத்தலையோடு முன்னால் நின்றான். வாய்க்கரிசி போடும்போது இரண்டு பெண்களின் கைகளும் ஒரே தட்டுக்குள் போயின. அன்னப்பூரணி தன் கையைப் பின்னுக்கு எடுத்து, தங்கம் போட்டு முடிக்கும் மட்டும் நின்றாள். அது மரியாதையா, தொடக்கூடாதென்ற அருவருப்பா என்று சொல்ல முடியாது. மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். அப்போதும் தங்கம் அழவில்லை. படலை வரைக்கும் போய், வாவிக்கரை றோட்டில் அது திரும்பி மறையும் வரைக்கும் நின்றுவிட்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் வந்த சனமெல்லாம் கலைந்துவிட்டது. எட்டாம் நாள் சடங்கு வரைக்கும் அன்னப்பூரணி இங்கே இருந்தாக வேண்டும். அது அவளுடைய கடமை. கழுவி ஈரம் காயாத கூடத்தில், குத்துவிளக்குக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் தங்கம். பக்கத்து வீட்டுப் புஸ்பம் சோறும் பருப்புக் கறியும் கொண்டுவந்து, இரண்டு வாழையிலைகளில் போட்டு, இருவர் முன்னாலும் வைத்துவிட்டுப் போனாள்.

இலைகள் அப்படியே இருந்தன. ஈக்கள் வந்து குந்தின. வாவியில் தோணிக்காரன் ஒருவன் யாரையோ கூப்பிட்டான்.

"எத்தின பேர் ஓடின?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

தன்னைத்தான் கேட்கிறாள் என்று விளங்கத் தங்கத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒம்பது பேர்."

"இளந்தாரியளா?"

"ஓம். ஒராள் மட்டும் கொஞ்சம் வயசாளி. வாத்தியார்."

அன்னப்பூரணி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கல்லில் அடித்ததில் அவளுடைய பெருவிரல் நகக்கண் கன்றிப்போயிருந்தது. அதை மற்றக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர் வெண்டது?"

தங்கம் யோசித்துப் பார்த்தாள். கயிறு அறுந்தது தெரியும். சனம் கூவியது தெரியும். ஒன்பது பேருடைய காலடியும் ஈர மணலில் தொம் தொம்மென்று வந்தது இப்போதும் காதில் கேட்கிறது. வந்தவர்களின் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"தெரியா மச்சாள். நான் பாக்கல்ல."

"பக்கத்திலதானே நிண்ட?"

"அவரைப் பாத்துக்கொண்டு நிண்டன்."

அன்னப்பூரணி தங்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைகிற சத்தம் கேட்டது. தங்கமும் தன் பக்கத்துச் சுவரைப் பார்க்கத் திரும்பி, ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள்.

புஸ்பம் அவசரத்தில் கறிக்கு உப்புப் போட மறந்திருந்தாள். உப்புச் சிரட்டை அடுப்படியில், கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.