ஜெயசீலியின் ஹெரால்டு

ஜெயசீலிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று நலச்சங்கக் கூட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே நடந்தது. நூம்பல் ஊரை ஒட்டிய அந்தப் புது லேஅவுட்டில் சங்கத் தலைவர் பக்தவத்சலம். எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கையை நீட்டி, "நர்ஸம்மா, உங்க வீட்டு வாசல்ல கிடக்கிற இரும்புக் குப்பையால தெரு மானமே போகுது" என்றுவிட்டார். அதோடு விட்டாரா? "கார் வெச்சுக்க ஒரு தகுதி வேணாமா?" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்புதான் அவளைப் பற்றவைத்தது.

"குப்பையா? வர ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து நானே ஓட்டிக் காட்றேன். ஓடலன்னா நீங்களே காயலான் கடைக்குத் தூக்கிப் போடுங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்!"

பக்கத்தில் இருந்த கணவன் இக்னேஷியஸ் அவள் முழங்கையைக் கிள்ளினான். இனிமேல் கிள்ளி என்ன பிரயோஜனம்? சபையில் சொல்லியாகிவிட்டது.

குப்பையாமே! நசரத்பேட்டையில் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையிலிருந்து அந்தப் பழைய ஹெரால்டு காரை மாட்டுவண்டியில் கட்டி இழுத்து வந்தபோது உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது உண்மைதான். அது போன வருஷம். ஆவடியில் ஃபிட்டர் வேலை பார்க்கும் இக்னேஷியஸ் இன்ஜினைப் பிரித்துப் போட்டான். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த கையோடு ஜெயசீலி ஒவ்வொரு சாமானாக மண்ணெண்ணெயில் கழுவினாள். ஓட்டை விழுந்த தரைக்கு எண்ணெய் டின்னை வெட்டித் தகடு அடித்தவளும் அவள்தான். உளுத்த சீட்டைக் கடாசிவிட்டு ஒரு பழைய வேன் சீட்டை அறுத்துப் பொருத்தினார்கள். தெரு சிரித்தது. சிரிக்கட்டுமே! பதினைந்து வருஷமாக பஸ் கூட்டத்தில் நசுங்கி அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவளுக்கு, தன் காரில் தானே ஓட்டிக்கொண்டு போக ஆசை இருக்கக் கூடாதா? லைசென்சுகூட எடுத்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை நன்றாக ஓடிய இன்ஜின், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாவியைத் திருப்பினால், இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. பாவி வண்டி! தெருமுனையில் பக்தவத்சலம் ஏற்கெனவே தயார். அவருக்குப் பின்னால் காயலான் கடை சுலைமான், மினி லாரியும் கயிறும் நாலு ஆளுமாக நின்றான்.

இக்னேஷியஸ் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போனான். "போச்சு சீலி. பம்ப்புக்குள்ள டயாப்ரம் கிழிஞ்சிடுச்சு. பெட்ரோல் மேல ஏற மாட்டேங்குது. இன்னிக்கு ஒரு கடையும் தொறந்திருக்காது."

ஜெயசீலிக்கு அழுகை முட்டியது. இவன்கள் முன்னாலா அழுவது? புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"ஏறலன்னா இன்னா? ஏத்திட்டாப் போச்சு."

தெருவில் காய்ச்சல் கண்டவர்களுக்காக வீட்டில் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தாள். குளுக்கோஸ் பாட்டிலைக் கொட்டி, தண்ணீர் ஒரு சொட்டும் தங்காமல் பெட்ரோலாலேயே அலசி, பெட்ரோலையே நிரப்பினாள். காற்று போக மூடியில் ஓர் ஊசியைக் குத்தினாள். டிரிப்ஸ் டியூபின் மறுமுனையைக் கார்புரேட்டரில் செருகிக் கட்டினாள். வார்டில் தினம் செய்கிற வேலைதானே! இக்னேஷியஸ் இடது பக்கம் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தான். பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழ ஆரம்பித்தது.

ஹெரால்டு ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கிளம்பியது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. "பீடியக் கீழ போடுய்யா!" என்று ஒருத்தரை அதட்டிக்கொண்டே கியர் மாற்றினாள்.

"கை வலிக்குது சீலி."

"என் பேஷண்டுங்க யாரும் இந்த அழுகை அழுததில்ல. எறக்காதீங்க!"

பக்தவத்சலம் நடுத்தெருவில் வந்து கையை உயர்த்தினார். அவள் பிரேக்கை மிதித்தாள், இன்ஜினை அணைக்கவில்லை.

"இது செல்லாதும்மா. பாட்டில் ஏத்தி ஓட்றதெல்லாம் ஒரு காரா? இது செத்த வண்டிதான். சுலைமான், கயித்தப் போடு!"

ஜெயசீலிக்கு மூக்கு சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

"பதினஞ்சு வருஷமா பாட்டில் ஏத்திகினு கீறேன் சார். பாட்டில் ஏறுதுன்னு சொல்லி ஒருத்தரையும் நான் பொணக் கொட்டகைக்கு அனுப்பினதில்ல. மூச்சு ஓடுது, கேக்குதில்ல? வழிய உடுங்க."

இன்ஜின் படபடத்தது. முதலில் சிரித்தவன் சுலைமான்தான். "கயித்த சுத்துங்கடா. உசுரு கீற வண்டிய நான் தூக்க மாட்டேன் நைனா" என்று லாரியில் ஏறினான். பக்தவத்சலம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்.

ஜெயசீலி வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. வேலப்பன்சாவடி ஹைவே பக்கம் ஒடித்தாள்.

"எங்க போற? பாட்டில்ல பாதிதான் கீது!" என்று அலறினான் இக்னேஷியஸ்.

"பின்சீட்டுல இன்னும் ரெண்டு நெறைச்சு வெச்சிருக்கேன். பேசாம தூக்கிப் புடிங்க."