கழுவிக்கிட்டிருக்கு

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவும் அறையில், அவளை எல்லோரும் டைரி என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் வாயைத் திறப்பதற்கு முன் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுப்பாள். எந்தத் தட்டில் எத்தனை கத்தரிக்கோல், எந்த மெஷினின் கதவை முட்டி கொடுத்துத் தள்ளினால்தான் மூடும், மாலை வகுப்பில் அன்று படித்த இங்கிலீஷ் வார்த்தை என்ன, எல்லாம் எண் போட்டு அதில் இருக்கும். எழுதிய பிறகும் சந்தேகம் விடாது. எழுதியது சரியா என்று பார்க்க வீட்டில் இன்னொரு நோட்டு வைத்திருந்தாள்.

அந்த அறையில் நாலு பாஷை பேசுகிறவர்கள் வேலை பார்த்தார்கள். அதனால் ஷிப்ட் மாறும்போது எழுதும் நோட்டு மட்டும் இங்கிலீஷில் இருக்கவேண்டும் என்பது சூப்பர்வைசர் அம்மாவின் சட்டம். காலை ஷிப்டுக்கு அதை எழுதும் பொறுப்பு ஐந்து மாதத்துக்கு முன்னால் டைரிக்கு வந்தது. அன்று வீட்டுக்குப் போனவள் அக்காவிடம் அதை மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை ஆரம்பித்தபோது அக்கா குக்கரை அடுப்பில் வைத்து, விசில் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டாள்.

மதிய ஷிப்டுக்கு வருகிறவருக்குக் கடிகாரம் என்று பெயர். ஐம்பதை நெருங்கும் மனிதர். சரியாக இரண்டு மணிக்கு உள்ளே நுழைவார், ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. அவரும் டைரியும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் நோட்டில் எழுதியதை அவள் வாயாலும் ஒரு தடவை ஒப்பித்துவிட்டுத்தான் கிளம்புவாள். "என்ன டைரி, இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் கையுறையை மாட்டுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அவள் வாயால் சொல்லவில்லை. மாலை வகுப்பில் பரீட்சை இருந்தது. படிக்கவேண்டும் என்று ஐந்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். ஏழாம் தட்டு மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போன கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அழுத்தம் குறைந்து மெஷின் பாதியில் நின்றது. கடிகாரம் வந்தார். கதவைத் திறந்தார், தட்டு ஈரமாக இருந்தது. நோட்டைப் பார்த்தார். முதல் ஆறு தட்டுக்கும் 'வாஸ் வாஷ்டு' என்று இருந்தது. ஏழாவதுக்கு 'இஸ் வாஷ்டு' என்று இருந்தது. கழுவியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, துடைத்து, துணியில் கட்டி, கிருமி கொல்லும் நீராவிக்கு அனுப்பினார்.

ஆபரேஷன் அறையில் கட்டைப் பிரித்த நர்ஸ், ஒரு கத்தரிக்கோலின் இடுக்கில் காய்ந்த ரத்தத்தைப் பார்த்தாள். வேறு தட்டு வரும்வரை ஆபரேஷன் முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலே இருந்து கேள்வி வந்தது.

புதன்கிழமை சூப்பர்வைசர் அம்மா இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். டைரி தெளிவாகச் சொன்னாள். குட்டி நோட்டில் பதினாலாவது விதி இருந்தது, அவளே கண்டுபிடித்த விதி: வாஸ் என்றால் முடிந்துபோனது, இஸ் என்றால் இப்போது நடக்கிறது. ஆறு தட்டுக்கு வாஸ் போட்டிருக்கிறேன், ஏழுக்கு இஸ் போட்டிருக்கிறேன், அதாவது இன்னும் முடியவில்லை, வித்தியாசத்தைக் கவனிக்காதது அவர் தப்பு என்றாள். சூப்பர்வைசர் அம்மாவுக்கும் இங்கிலீஷ் பிற்பாடு வந்து சேர்ந்த பாஷைதான். அவர் ஐந்து மாதப் பக்கங்களையும் புரட்டினார். எல்லா இடத்திலும் அதே ஒழுங்கு. தலையை ஆட்டினார். கடிகாரத்துக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் நடந்ததை எழுதிக்கொண்டு வரவேண்டும், அதன்பிறகு முடிவு என்றார்.

வெளியே வந்ததும் கடிகாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எழுதியிருந்ததைத்தான் படிச்சேன் டைரி. எழுதாததைப் படிக்க எனக்கு வராது."

அந்த வார்த்தை அவளைக் குடைந்தது. தான் சொன்னது சரி என்று எழுத்தில் காட்டிவிடவேண்டும், அப்போதுதான் குடைச்சல் நிற்கும் என்று நினைத்தாள். வியாழன் மாலை வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிர்ஷ்டம் என்று சொல்வதா வேறு என்ன சொல்வதா, அன்று பாடமே முதன்மை வினையும் துணை வினையும்தான். வேலை என்னவென்று சொல்வது முதன்மை வினை. அந்த வேலை முடிந்ததா, நடக்கிறதா, நடக்கவேண்டுமா என்று சொல்வது அதற்குக் கூட வரும் துணை வினை. வகுப்பெடுத்த பெண்ணுக்கு இவளை விட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். ஜலதோஷம் வேறு, மூக்கைத் துடைத்துக்கொண்டே பலகையில் எழுதினாள்.

டைரி கையைத் தூக்கினாள். இஸ் வாஷ்டு என்றால் கழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று கேட்டாள். கேட்டபோதே பேனாவைத் திறந்து வைத்திருந்தாள், பதிலை அப்படியே எழுதிக்கொள்ள.

"இல்லையே. கழுவியாச்சு, சுத்தமா இருக்குன்னுதான் படிக்கிறவங்க எடுத்துப்பாங்க. நடந்துக்கிட்டிருந்தா நடுவுல பீயிங் வரணும். இஸ் பீயிங் வாஷ்டு."

டைரி எழுதவில்லை. பேனாவை மூடினாள்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். டைரி சாப்பாட்டு மேஜையில் இரண்டு நோட்டையும் விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவேளை அந்த டீச்சருக்குத்தான் தெரியவில்லையோ என்று வழக்கம்போலச் சந்தேகம் வந்தது. தன் பாஷையில் வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டு வார்த்தையை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள்.

கழுவியிருக்கு.
கழுவிக்கிட்டிருக்கு.

இரண்டிலும் கழுவுவது ஒன்றுதான். இரண்டிலும் 'இருக்கு' உண்டு. நடுவில் ஒரு 'க்கிட்டு', அவ்வளவுதான் வித்தியாசம். அது இருந்தால் கை வைக்கக்கூடாது, இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாம். 'இருக்கு'வின் மேல் இஸ் என்று எழுதினாள். 'கழுவி'யின் மேல் வாஷ்டு என்று எழுதினாள். நடுவில் 'க்கிட்டு'வின் மேல் பீயிங் என்று எழுதினாள். பின்னாலிருந்து முன்னால் படித்தால் அச்சாக இங்கிலீஷ் வந்தது: இஸ், பீயிங், வாஷ்டு. நாம் வாலில் கட்டுவதை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஐந்து மாதமாக இது தெரியாமல்போனதே என்று. உடனே சிரிப்பு நின்றது.

அவள் எழுதியது 'கழுவியிருக்கு'. அவர் படித்ததும் 'கழுவியிருக்கு'.

ஐந்து மாதமும் வாயால் ஒப்பித்ததில் அந்த 'க்கிட்டு' தானாக வந்து சேர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வாய் இல்லை, எழுத்து மட்டும் தனியாக நின்றது.

அக்காவிடம் சொன்னாள். அக்கா தலையணை உறையை உதறிவிட்டு, ஒரு வார்த்தைக்காகப் போய் நீயாகத் தலையை நீட்டாதே என்றாள். மேடமே நீ சொன்னதை ஒப்புக்கொண்டாயிற்று, உன் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கிவிடுவார்கள், இதற்காகவா இத்தனை நாள் வேலை முடிந்து வகுப்புக்கு ஓடினாய் என்று கேட்டாள். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. டைரியும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியாதப்போ சொன்னது வேறக்கா. இப்போ தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"தெரிஞ்சுக்கத்தான் வகுப்புக்குப் போன. உன்னையே மாட்டிவிடவா போன?" என்றாள் அக்கா. ஆனால் மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கொடுக்கவேண்டிய விளக்கத்தை அவள் தமிழில் முதலில் எழுதினாள். 'கழுவிக்கிட்டிருக்கு என்று எழுதியிருக்கலாம்.' அதைப் புரட்டிப் போட்டால் இங்கிலீஷில் குட் ஹாவ் ரிட்டன். படித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது, யாருக்கும் வலிக்கவில்லை. எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருந்திருக்கலாம், யாரைக் குறை சொல்வது என்பதுபோல. அவள் 'லாம்' என்ற ஒற்றை வாலை அடித்துவிட்டு, மேலே 'ணும்' என்று எழுதினாள். எழுதியிருக்கணும். ணும், இருக்க, எழுதி. ஷுட், ஹாவ், ரிட்டன். மூன்று சொல்லும் தன் தன் இடத்தில் போய் நின்றன. அந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த அறையிலிருந்து அக்கா, எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது, விளக்கை அணை என்றாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அம்மாவின் அறையில் மூன்று நாற்காலி இருந்தும் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். காலையிலேயே வரவேண்டியிருந்ததால் கடிகாரத்துக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் பேப்பரில் இரண்டு வரிதான் இருந்தது. டைரியின் முறை வந்தது. பேப்பரைப் பார்த்தால் எழுத்து நகர்ந்தது. அதனால் பார்க்காமலே சொன்னாள்.

"ஐ ரோட் இஸ் வாஷ்டு. ஐ ஷுட் ஹாவ் ரிட்டன் இஸ் பீயிங் வாஷ்டு. ஹி ரெட் இட் கரெக்ட்லி."

சூப்பர்வைசர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். புதன்கிழமை வேறு மாதிரி சொன்னாயே என்று கேட்டார். புதன்கிழமை எனக்குத் தெரியாது, நேற்றுத்தான் தெரிந்தது என்றாள். பதினாலாவது விதியின் மேல் குறுக்குக் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினாள். அதன் கீழே 'க்கிட்டு'வின் மேல் பீயிங் என்று எழுதியிருந்ததைக் கடிகாரமும் எட்டிப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசர் அம்மா இன்னொரு கேள்வி கேட்டார்: ஈரமாக இருந்த தட்டை, மெஷின் நின்றது ஏன் என்று பார்க்காமல் எடுத்தது யார்? கடிகாரம், நான்தான், பார்த்திருக்கவேண்டும் என்று தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார்.

முடிவு பதினைந்து நிமிஷத்தில் வந்தது. கடிகாரத்துக்குக் கடிதம் இல்லை, வாயால் கண்டிப்பு மட்டும். கடிதம் டைரிக்கு, அவள் கணக்கில் முதலாவது. ஒரு மாதத்துக்கு ஷிப்ட் நோட்டை அவள் தொடக்கூடாது. மதிய ஷிப்டுக்கு வருகிறவர் பத்து நிமிஷம் முன்னதாக வந்து, அவளைக் கேட்டு, தன் கையால் எழுதவேண்டும்.

கடிதத்தை நாலாக மடித்துக் குட்டி நோட்டுக்குள் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள். கதவு மூடவில்லை. முட்டி கொடுத்துத் தள்ளினாள்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடிகாரம் உள்ளே வந்தார். அறையில் இரண்டு பேர் தங்கள் கைக்கடிகாரத்தைக் குலுக்கிப் பார்த்தார்கள். அவர் யாரையும் கவனிக்காமல் நோட்டின் முன்னால் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். முதல் எட்டு தட்டு முடிந்தது என்று அவள் சொல்ல, எழுதினார். ஒன்பதாவது மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒன்பது?" என்றார்.

"கழுவிக்கிட்டிருக்கு."

அவர் எழுதத் தொடங்கி நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"அந்த 'கிட்டு' எங்க வரும்? முன்னாடியா, பின்னாடியா?"

நோட்டைத் தொடக்கூடாது என்பதால் அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

"நடுவுலண்ணே. பி, ஈ, ஐ..."

"மெதுவா சொல்லு டைரி. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."